ஒற்றைக்கை வித்தை

மூன்று சீஆர் கொப்பி.
பக்கத்துக்கு ஒரு வாப்பா, வலது மூலையில்.
பெருவிரலால் விசிறிவிட்டால் நடப்பார்.

மின்சார சபைக்கு மீற்றர் வாசிக்கிறவர்,
வேலைக்குப் போவது காற்சட்டையில்தான்.
நான் சாறன் உடுத்தி விட்டேன்:
இரண்டு காலை முந்நூறு தரம் வரைவதைவிட
ஒரு கூம்பு லேசு.

வயிற்றைக் குறைக்கச் சொன்னது உம்மா.
"நாலு பேர் பார்ப்பாங்க, கொஞ்சம் உள்ளுக்கு இழு புள்ள."
தம்பி றிஸ்னிக்கு
வாப்பாவின் வாயால் நெருப்பு வர வேணும்.
இரவு முழுக்கப் பேசி
காதால் கொஞ்சம் புகை என்று முடிவானது.
வயிறு வயிறாகவே இருந்தது.

கதை பெரிசில்லை.
அக்கரைப்பற்றில் கடலுக்குப் போகும் ஓர் ஒழுங்கை,
நாற்பது வீடு, நாற்பது மீற்றர்,
நாற்பத்தொரு நாய்.
நடுவில் வாப்பா.
கறுப்புப் பட்டி எங்கே?
சாறனைக் கட்டவே அவரிடம் பட்டி இல்லை.

உதையில் மாட்டிக்கொண்டேன்.
பாயும்போது சாறன் என்ன செய்யும்?
"வாப்பா, இஞ்ச வாங்க. காலத் தூக்குங்க."
முற்றத்தில் தூக்கினார்.
கச்சான் காற்று அதற்கென்றே காத்திருந்தது போல.
இடக்கை பாய்ந்து முடிச்சைப் பிடித்தது,
வலக்கை வானத்தில் நின்றது,
வேலிக்கு மேலால் ஸுலைஹா மாமியின் தலை:
"என்னகா, மச்சான் கொக்கு மாதிரி நிக்காரு?
கால்ல முள்ளா?"

அந்த இடத்தில்தான் பிடிபட்டது,
எந்த நாட்டிலும் யாரும் சொல்லிக்கொடுக்காத வித்தை.
இடக்கை எப்போதும் மானத்தைக் காக்கும்.
சண்டை முழுக்க வலக்கை பாடு.

முந்நூற்றுப் பன்னிரண்டு வாப்பாக்களையும்
உம்மாவின் போனில் பிடித்து ஒட்டினோம்.
இருபத்தாறு செக்கன்.
ஒரு பாய், நாலு தலை.
கடைசி உதையில் நாற்பத்தோராவது நாய்
பறந்து போய்
ஒலுவில் வெளிச்சவீட்டு உச்சியில் குந்தியது.

றிஸ்னி பாயோடு உருண்டான்.
உம்மா முந்தானையால் வாயைப் பொத்தினார்.
வாப்பா சிரிக்கவில்லை.
"மறுகா போடு."
போட்டேன்.
"நான் அதுகளுக்கு அடிக்கிறல்ல புள்ள."

"அந்த வெள்ளக்கால் உள்ளது
பதினேழாம் வீடு. குட்டி போட்டிருக்கு."

ஆணியில் தொங்கிய காற்சட்டையை எடுத்துப்
பையை வெளியே இழுத்தார்.
தூள். தூள். அரை மாறி பிஸ்கட்.
"கேற்றுக்கு இஞ்சால நிண்டு எறியிற.
அது அங்கால ஓடும்.
நான் இலக்கத்தப் பார்த்துட்டு வாற."

செய்தும் காட்டினார்.
மணிக்கட்டில் ஒரு சொடுக்கு,
கறம் போட்டில் சிவப்பைக் குழிக்கு அனுப்பும் அதே சொடுக்கு.
அரை பிஸ்கட்
காற்றாடிக்குக் கீழால் வளைந்து
கொட்டாவி விட்ட றிஸ்னியின் வாய்க்குள்
நேரே போனது.

உம்மாவின் சிரிப்பு அதோடு நின்றது.
"அப்ப பேணிக்க எலி இல்ல?"

ஆறு மாதமாய்ப் பொறி வைத்தவர்.
மாசி வைத்தார், தேங்காய்ச் சொட்டு வைத்தார்,
ஒருநாள் சொந்தப் பெருவிரலையும் வைத்தார்.

வாப்பா மெதுவாக எழும்பினார்.
உம்மாவின் கையில் அகப்பைகூட இல்லை,
பார்வை மட்டும்தான்.
நாற்பத்தொரு நாய்க்கும் பின்வாங்காத மனிதன்
ஓரடி, ஈரடி, கதவுவரை.
இடக்கை தானாகவே முடிச்சுக்குப் போயிருந்தது.

இந்தச் சண்டையை வரைய
எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

முதலில் கடைசி நாற்பது பக்கத்தை அழிக்க வேணும்.
தூக்கின காலை நிலத்தில் வைக்க எட்டுப் பக்கம்.
சொடுக்குக்கு மூன்று போதும், அவ்வளவு கெதி.
மிச்சமெல்லாம் நாயின் வாலுக்கு.
அதுதான் பெரிய பாடு,
எந்தப் பக்கத்திலும்
முதல் பக்கத்தில் நின்ற இடத்தில் அது நிற்காது.